விஸ்காம் சேரும் முன் தவணையைப் போட்டுப் பாருங்கள்

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு பல வீடுகளில் ஒரு வாக்குவாதம் தொடங்கிவிடும். பிள்ளை விஸ்காம் என்று ஒற்றைக் காலில் நிற்கும். அப்பா "அதுக்கெல்லாம் ஸ்கோப் இருக்கா?" என்பார். சித்தப்பா "இப்ப மீடியாவுலதான் காசு கொட்டுது" என்பார். மாமா "பேசாம பி.காம். போட்டுட்டு வேலையைப் பாரு" என்று முடித்துவைப்பார். நாலு பேரும் பேசாத விஷயம் ஒன்று உண்டு. படிப்பு முடிந்தபின் மாதாமாதம் வங்கிக்கு எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும்? அந்த நேரத்தில் கைக்கு எவ்வளவு வந்துகொண்டிருக்கும்? காட்சித் தொடர்பியல், இதழியல், ஊடகவியல் என்று எந்தப் பெயரில் சேர்ந்தாலும் முதலில் கேட்க வேண்டியவை இந்த இரண்டும்தான். இவற்றைக் கேட்கவிடாமல் தடுக்கும் சில நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: விஸ்காம் பட்டம் இல்லாமல் சினிமாவுக்குள்ளோ சேனலுக்குள்ளோ நுழைய முடியாது.

உண்மை: மருத்துவம் பார்க்க மருத்துவக் கவுன்சிலில் பதிய வேண்டும், வழக்காட பார் கவுன்சிலில் பதிய வேண்டும். கேமரா பிடிக்கவும் செய்தி எழுதவும் அப்படி எந்த உரிமமும் தேவையில்லை. மணிரத்னம் எம்.பி.ஏ. படித்தவர். ஷங்கர் மெக்கானிக்கல் டிப்ளமோ. வெற்றிமாறன் ஆங்கில இலக்கியம். லோகேஷ் கனகராஜ் வங்கி வேலையில் இருந்தவர். பா. இரஞ்சித் சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் பயின்றவர். விஸ்காமில் சேர்ந்துவிட்டுப் பாதியில் நடிக்கப் போனவர் விஜய்.

எழுத்துப் பக்கமும் இதே கதைதான். விகடன் நிறுவனத்தின் மாணவப் பத்திரிகையாளர் திட்டத்தில் எந்தப் பாடம் படிக்கும் கல்லூரி மாணவரும் விண்ணப்பிக்கலாம். இன்று தமிழ் இதழியலில் தெரிந்த பெயர்களாக இருக்கும் பலர் அந்த வழியாக வந்தவர்கள். பல்கலைக்கழகங்களில் முதுகலை இதழியல் சேரவும் ஏதாவது ஓர் இளங்கலைப் பட்டம் இருந்தால் போதும்.

அப்படியானால் விஸ்காம் வீணா? இல்லை. மூன்று வருடம் கேமராவையும் எடிட்டிங் மேசையையும் தொட்டுப் பழகலாம். ஒத்த ஆர்வமுள்ள நண்பர்கள் கிடைப்பார்கள். வெளியே போனபின் வேலை சொல்லிவிடும் சீனியர்கள் இருப்பார்கள். இவற்றுக்கெல்லாம் ஒரு விலை கொடுக்கலாம். என்ன விலை வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பதில்தான் சிக்கல் வருகிறது.

நம்பிக்கை 2: கட்டணம் அதிகமான கல்லூரியில் சம்பளமும் அதிகமாகத்தான் கிடைக்கும். விளம்பரத்திலேயே போட்டிருக்கிறார்களே!

உண்மை: விளம்பரப் பலகையில் இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு மாணவர் வாங்கிய உச்ச சம்பளம். அதுவும் ஆண்டுக்கான சி.டி.சி. கணக்கு. நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கு, கிராஜுவிட்டி, கிடைத்தால் கிடைக்கும் ஊக்கத்தொகை எல்லாம் அதற்குள் அடக்கம். கைக்கு வருவது அதைப் பன்னிரண்டால் வகுத்தால் வரும் தொகையைவிடக் குறைவு.

இதற்கு மாற்றாகக் கையில் எடுக்க வேண்டிய ஆவணம் இலவசமாகவே கிடைக்கிறது. மத்தியக் கல்வித்துறையின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் கலந்துகொள்ளும் ஒவ்வொரு கல்லூரியும் தான் கொடுத்த விவரங்களைப் பொதுவில் வைத்திருக்கிறது. அந்த பி.டி.எஃப்.-ஐத் திறந்து மூன்றாண்டு இளங்கலைக்கான வேலைவாய்ப்பு அட்டவணைக்குப் போங்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், உரிய காலத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், வேலை பெற்றவர்களின் இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்று வரிசையாக இருக்கும். வேலை பெற்ற எல்லோரையும் சம்பள வாரியாக நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவர் வாங்கும் தொகைதான் இடைநிலைச் சம்பளம். ஒருவரின் உச்சச் சம்பளம் அதை மேலே தூக்கிவிட முடியாது.

ஆனால் அந்த எண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. அது கல்லூரியின் மூன்றாண்டுப் படிப்புகள் அத்தனைக்கும் சேர்த்துச் சொன்ன கணக்கு. ஐ.டி. நிறுவனங்கள் அள்ளிக்கொண்டு போகும் பி.சி.ஏ., பி.காம். மாணவர்களும் விஸ்காம் மாணவர்களும் அதில் ஒன்றாகக் கலந்திருப்பார்கள். அமெரிக்கக் கல்வித்துறை தன் 'காலேஜ் ஸ்கோர்கார்டு' இணையதளத்தில் பட்டதாரிகளின் வருமானத்தையும் கடனையும் 2019 முதல் பாடவாரியாகப் பிரித்துக் காட்டுகிறது. நம் ஊரில் அந்த வசதி இல்லாததால் துறைத்தலைவரிடம் நேராகக் கேட்பதே வழி. கேள்வி இப்படி இருக்கட்டும்: "போன வருஷம் விஸ்காம் முடித்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் இந்தத் துறையிலேயே சம்பளத்துக்கு இருப்பவர்கள் எத்தனை பேர்? கால் சென்டரிலும் பேங்க் சேல்ஸிலும் இருப்பவர்கள் எத்தனை பேர்?" பதில் சொல்லத் தயங்கினால், கடைசியாக முடித்த பேட்சில் ஐந்தாறு பேரின் தொடர்பைக் கேளுங்கள். அதையும் கொடுக்க மனமில்லாத துறைக்கு லட்சக்கணக்கில் கொடுக்க உங்களுக்கும் மனம் வரக்கூடாது.

நம்பிக்கை 3: அரசு உதவிபெறும் கல்லூரிதான், கட்டணம் பெரிதாக இருக்காது.

உண்மை: கல்லூரி உதவிபெறுவதாக இருக்கலாம், விஸ்காம் துறை பெரும்பாலும் சுயநிதிப் பிரிவில்தான் நடக்கும். ஒரே வளாகத்தில், ஒரே கேன்டீனில் சாப்பிடும் தமிழ் இலக்கிய மாணவர் கட்டுவதைப் போலப் பல மடங்கு விஸ்காம் மாணவர் கட்டியிருப்பார்.

கட்டணத்தோடும் நிற்காது. கேமரா இல்லாவிட்டாலும் லென்ஸ் வாடகை உண்டு. எடிட்டிங் தாங்கும் லேப்டாப் சாதாரண லேப்டாப் விலைக்கு வராது. ஹார்ட் டிஸ்க், போட்டோ ரெக்கார்டு பிரிண்ட், கடைசி செமஸ்டர் குறும்படத்துக்கு லொகேஷன், சாப்பாடு, நடிப்பவர் போக்குவரத்து எனச் செலவு நீளும். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் சென்னையில் என்றால் வெளியூர்ப் பிள்ளைக்கு அந்த மாத வாடகையும் சேரும். சேர்க்கைக்கு முன்பே மூன்றாம் வருட மாணவர் ஒருவரிடம் "ஃபீஸ் போக இதுவரை எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

குறைந்த செலவுக் கதவுகளும் திறந்தே இருக்கின்றன. தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு, இயக்கம், அனிமேஷன் ஆகியவற்றில் பட்டப்படிப்பு உண்டு. எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரியில் காட்சித் தொடர்பு வடிவமைப்பு இருக்கிறது. இடங்கள் சில, போட்டி பலமாக இருக்கும். அதனால் தனியார் கல்லூரிக்கு முன்பணம் கட்டும் முன் இவற்றின் விண்ணப்பத் தேதியைப் பார்த்துவிடுவது நல்லது. இன்னொரு வழி: அரசுக் கல்லூரியில் தமிழோ ஆங்கிலமோ படித்துவிட்டு, ஆசை அப்போதும் மாறாமல் இருந்தால் சென்னை, மதுரை காமராசர், மனோன்மணீயம் சுந்தரனார், பாரதியார் பல்கலைக்கழகங்களில் முதுகலைக்குப் போகலாம்.

நம்பிக்கை 4: படிக்கும் வரை கல்விக்கடனுக்கு வட்டி ஓடாது. வேலைக்குப் போய்க் கட்டிக்கொள்ளலாம்.

உண்மை: தவணை கட்டத்தான் அவகாசம். வட்டி முதல் நாளிலிருந்தே ஓடுகிறது. வங்கிகளின் பொதுவான கல்விக்கடன் திட்டத்தில் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை விடுமுறை. அந்தக் காலத்துக்குத் தனிவட்டி கணக்கிட்டு முதலோடு சேர்த்துவிடுவார்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 2 லட்சம் வீதம் மூன்று ஆண்டுக்கு 6 லட்சம் கடன்; வட்டி 10 சதவீதம். முதல் வருடம் வாங்கிய 2 லட்சத்துக்கு நாலு வருட வட்டி 80,000. இரண்டாம் வருடத்தின் 2 லட்சத்துக்கு 60,000. மூன்றாம் வருடத்தின் 2 லட்சத்துக்கு 40,000. ஆக, முதல் தவணை தொடங்கும் நாளில் கடன் 7 லட்சத்து 80 ஆயிரம். அதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் ஏறக்குறைய 10,300 ரூபாய். மொத்தம் 12 லட்சத்து 37 ஆயிரம். பதினைந்து வருடமாக நீட்டினால் மாதம் 8,380 என்று இறங்கும். ஆனால் மொத்தம் 15 லட்சத்தைத் தாண்டிவிடும். 21 வயதில் படிப்பை முடித்த பிள்ளை 37 வயதில் கடனை முடிக்கும்.

இதே பிள்ளை ஆண்டுக்கு 30,000 கட்டணமுள்ள கல்லூரியில் சேர்ந்து, அந்த 90,000-ஐயும் கடனாகவே வாங்கியிருந்தால்? நாலாம் வருட முடிவில் 1 லட்சத்து 17 ஆயிரம். ஐந்தே வருடத்தில் அடைத்தாலும் மாதம் சுமார் 2,490தான். இரண்டு பேரும் ஒரே எடிட்டிங் ஸ்டுடியோவில் ஒரே நாளில் வேலைக்குச் சேரலாம். கைக்கு 18,000 வருகிறது என்று வையுங்கள். ஒருவருக்குத் தவணை போக 15,500 மிஞ்சும், இன்னொருவருக்கு 7,700. சென்னையில் பங்கு அறை வாடகையும் மெஸ் பில்லும் கொடுத்தால் இரண்டாமவருக்கு மாதம் இருபதாம் தேதியே முடிந்துவிடும்.

வழி உண்டா? உண்டு. படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவரலாம். மேலே சொன்ன 6 லட்சத்துக்கு முதல் வருடம் மாதம் 1,670, இரண்டாம் வருடம் 3,330, பிறகு 5,000. இப்படிக் கட்டிவந்தால் தவணை தொடங்கும்போது கடன் 6 லட்சத்திலேயே நிற்கும். பத்து வருடத் தவணை 7,930 ஆகக் குறையும். முன்கூட்டிக் கட்டிய வட்டியைக் கழித்தாலும் சுமார் ஒரு லட்சம் மிச்சம். இப்படி வட்டி கட்டுவோருக்கு விகிதத்தில் 1 சதவீதம் வரை குறைக்கும் வங்கிகளும் இருக்கின்றன. இந்த வட்டியையே வீட்டில் இப்போது கட்ட முடியாது என்றால், கடனின் அளவு குடும்பத்தின் சக்திக்கு மேலே போய்விட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

நம்பிக்கை 5: அடமானமே கேட்கவில்லை. கட்ட முடியாவிட்டால் என்ன செய்துவிடுவார்கள்? எப்படியும் தேர்தல் வந்தால் தள்ளுபடிதான்.

உண்மை: ஏழரை லட்சம் வரை வங்கிகள் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்பதில்லை. ஆனால் அப்பாவோ அம்மாவோ இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டிருப்பார். மூன்று மாதம் தவணை தவறினால் கணக்கு வாராக்கடன் ஆகும். இருவர் சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்து விழும். பிறகு தங்கைக்குக் கல்விக்கடன், அண்ணனுக்கு பைக் கடன், வீட்டுக்கடன் என்று எதற்குப் போனாலும் அந்தப் பழைய கணக்கு முன்னால் வந்து நிற்கும். 2016-இல் ஒரு பொதுத்துறை வங்கி தமிழ்நாட்டில் வராமல் நின்ற கல்விக்கடன்களை ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்றது. வசூலிக்க ஆட்கள் வீடு தேடி வந்தது அப்போது பெரிய சர்ச்சையானது.

தள்ளுபடி தேர்தல் அறிக்கைகளில் இடம்பெற்றது உண்மைதான். ஆனால் கடன் கொடுத்தது வங்கி. மாநில அரசு தள்ளுபடி என்று அறிவித்தாலும் அந்தப் பணத்தை வங்கிக்கு யாராவது கட்டியாக வேண்டும். அதை நம்பித் தவணையை நிறுத்தியவர்களுக்கு வட்டி ஏறியதுதான் மிச்சம்.

நம்பிக்கை 6: வட்டி மானியமும் வரிச்சலுகையும் இருக்கின்றன. பாதிச் சுமையை அரசு ஏற்றுக்கொள்ளும்.

உண்மை: எல்லோருக்கும் இல்லை. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டி மானியம் உண்டு. ஆனால் பட்டியலில் உள்ள உயர்தரக் கல்வி நிறுவனங்களில் மதிப்பெண் தகுதியின்படி இடம்பெற்றவர்களுக்கே அது பொருந்தும். குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் உள்ளோருக்கான முழு வட்டி மானியமோ தொழிற்படிப்பு, தொழில்நுட்பப் படிப்புகளுக்கு மட்டும். நீங்கள் சேரும் கல்லூரியும் படிப்பும் இவற்றுக்குள் வருகின்றனவா என்பதைக் கல்லூரி ஏஜென்டிடம் கேட்காதீர்கள். வங்கிக் கிளையில் கேளுங்கள்.

வரிச்சலுகை கட்டும் வட்டிக்கு மட்டும், அதுவும் பழைய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு, எட்டு ஆண்டுகளுக்கு. புதிய வரிமுறையில் ஆண்டுக்கு 12 லட்சம் வரை வரியே இல்லை. மாதம் 20,000 சம்பளக்காரருக்கு இந்தச் சலுகையால் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது.

நம்பிக்கை 7: முதல் இரண்டு வருஷம் கஷ்டப்பட்டாலும் சமாளித்துவிடலாம். பிறகு சம்பளம் ஏறிவிடும்.

உண்மை: கடனால் போவது பணம் என்றுதான் நினைக்கிறோம். ஊடகத் துறையில் அதற்கும் முன்னால் பறிபோவது பழகும் காலம். இந்தத் தொழிலில் உண்மையான பயிற்சி கல்லூரிக்குப் பிறகுதான் தொடங்குகிறது. உதவி இயக்குநருக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. படத்துக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். ஷூட்டிங் நாளில் பேட்டா வரும். ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்கும் வரை ஒன்றும் வராது. தயாரிப்பாளர் தடுமாறினால் பேசியதும் முழுசாக வராது. சங்க அட்டைக்குத் தனிச் செலவு. வங்கித் தவணையோ அடுத்த படம் ஓகே ஆகும் வரை காத்திருக்காது.

செய்தித் துறையிலும் இதே நிலைதான். அச்சு இதழ்களுக்கான மஜீதியா ஊதியக்குழுப் பரிந்துரையை உச்ச நீதிமன்றம் 2014 பிப்ரவரியில் உறுதிசெய்தது. ஆனால் அது அச்சு இதழ்களுக்கும் செய்தி முகமைகளுக்குமான ஏற்பாடு. செய்திச் சேனலிலும் யூடியூப் அலுவலகத்திலும் ஒப்பந்தத்தில் சேரும் 22 வயது நிருபருக்கு அதனால் பயனில்லை.

கடனில்லாத பிள்ளை ஒரு நல்ல ஒளிப்பதிவாளரிடம் இரண்டு வருடம் அரைச் சம்பளத்துக்கு இருந்து வேலை கற்றுக்கொள்ளலாம். பத்தாயிரம் தவணை உள்ள பிள்ளை முதல் மாதத்திலிருந்தே காசு தரும் வேலையைத்தான் பார்க்க முடியும். அது கல்யாண ஆல்பமாக இருக்கலாம், ரியல் எஸ்டேட் ரீல்ஸாக இருக்கலாம், துறைக்கே சம்பந்தமில்லாத ஷிஃப்ட் வேலையாகவும் இருக்கலாம். எதுவும் கேவலமில்லை. ஆனால் எந்தக் கனவுக்காக ஆறு லட்சம் கடன் வாங்கினோமோ, அந்தக் கனவுக்குக் குறுக்கே அந்தக் கடனே நிற்கிறது.

நம்பிக்கை 8: வெளிநாட்டில் மாஸ் கம்யூனிகேஷன் படித்தால் கடனை டாலரில் சீக்கிரம் அடைத்துவிடலாம்.

உண்மை: பொறியியல் படித்த அண்ணனின் கணக்கைத் தொடர்பியலுக்குப் போடக்கூடாது. அமெரிக்காவில் படித்து முடித்தபின் வேலை பார்க்க எல்லா மாணவருக்கும் கிடைப்பது 12 மாதம். அறிவியல், தொழில்நுட்பப் பட்டியலில் உள்ள படிப்புகளுக்கு மட்டும் மேலும் 24 மாதம் உண்டு. பெரும்பாலான இதழியல், தொடர்பியல் பட்டங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. 40 லட்சம் கடனுக்கு 11 சதவீதம் என்றால் வட்டி மட்டுமே ஆண்டுக்கு 4 லட்சத்து 40 ஆயிரம். ஓராண்டில் வேலை அமையாமல் ஊர் திரும்பினால் அதை ரூபாய்ச் சம்பளத்தில்தான் கட்ட வேண்டும். ஆங்கிலமே தொழிற்கருவியாக உள்ள துறையில், அந்த நாட்டுப் பிள்ளைகளோடு போட்டியிட்டு அந்த ஒரு வருடத்துக்குள் இடம்பிடிக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நம்பிக்கை 9: அப்படியென்றால் விஸ்காமே வேண்டாம். சோறு போடாத படிப்பு.

உண்மை: இதுவும் தவறு. விஸ்காம் என்பது பல வேலைகளுக்குப் போகும் ஒரே வாசல். ஒவ்வொரு வேலைக்கும் பணம் வரும் வேகம் வேறு. சினிமாவிலும் செய்தியிலும் மெதுவாக வரும், சில சமயம் வராமலும் போகும். செயலிகளின் திரை வடிவமைப்பு, மோஷன் கிராஃபிக்ஸ், விளம்பர நிறுவனம், டிஜிட்டல் மார்க்கெட்டிங், பெருநிறுவனங்களின் தகவல் தொடர்புப் பிரிவு ஆகியவற்றில் மாதச் சம்பளம் ஒழுங்காக வரும். முதுகலையும் நெட் தேர்வும் முடித்தால் கல்லூரி ஆசிரியர் வேலை இருக்கிறது. எந்தப் பட்டமும் போதும் என்கிற டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வுகளுக்கு விஸ்காம் பட்டதாரியும் தகுதியானவர்தான். இந்திய தகவல் பணி போன்ற சில அரசுப் பணிகளுக்கு இதழியல் பட்டமோ டிப்ளமோவோ தனித் தகுதியாகவே கேட்கப்படுகிறது.

எந்தப் பிரிவுக்குப் போவது என்று முதல் வருடத்திலேயே உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டாம் வருட முடிவுக்குள் கையில் காட்டுவதற்கு ஏதாவது இருக்க வேண்டும். இரண்டு நிமிட ஷோரீல், வெளிவந்த பத்துச் செய்திக் கட்டுரைகள், வடிவமைத்த நாலு செயலித் திரைகள், இப்படி ஏதோ ஒன்று. வேலைக்கு எடுப்பவர் முதலில் கேட்பது அதைத்தான். அதைச் செய்ய முப்பதாயிரம் கட்டணக் கல்லூரியிலும் முடியும், மூன்று லட்சம் கட்டணக் கல்லூரியிலும் முடியும்.

ஆகவே சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்திடும் முன் ஒரு தாளில் மூன்று எண்களை எழுதுங்கள். ஒன்று, கட்டணமும் மற்ற செலவும் சேர்த்து வாங்கப்போகும் கடன். இரண்டு, வட்டியோடு சேர்த்து வரும் மாதத் தவணை. மூன்று, அதே துறையில் போன வருடம் முடித்தவர்கள் இப்போது உண்மையில் கைக்கு வாங்கும் தொகை. வெளியூரில் வாடகை கொடுத்துத் தங்கும் பிள்ளைக்கு, இரண்டாவது எண் மூன்றாவதில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருந்தால் தைரியமாகச் சேர்க்கலாம். பத்தாயிரத்து முந்நூறு தவணைக்கு அந்தக் கணக்குப்படி கைக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் வர வேண்டும். இந்தத் துறையில் முதல் வேலையிலேயே அது கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது சூதாட்டம். எண்கள் ஒத்துவராவிட்டால் மாற்ற வேண்டியது கல்லூரியை. பிள்ளையின் ஆசை அப்படியே இருக்கட்டும்.